ஒன்றில் நின்ற ஊசி

எரிந்துபோன மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அவர் பெயர் தேவைப்படவில்லை. "காயில்காரர் கடை எது?" என்று கேட்டால் தெருமுனையிலேயே கை காட்டிவிடுவார்கள். கருகிய கம்பியை வெட்டி எடுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்று பிசகாமல் சுற்றி, வார்னிஷில் நனைத்துக் காயவைத்துக் கொடுப்பது அவர் தொழில். கை சுத்தம், வேலை சுத்தம். வாய் மட்டும் அப்படியில்லை. கோபம் வந்துவிட்டால் எதிரில் நிற்பது வாடிக்கையாளரா, கட்டட முதலாளியா என்றெல்லாம் பார்க்க மாட்டார். கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் மறு வேலை. பிறகு அரை நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தப்பு என்மேல்தான் என்று அந்த வாய் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு பைத்தியமும் இருந்தது. ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வீட்டில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, மொட்டைமாடியில் கட்டிய கம்பி வழியாக எங்கெங்கோ இருக்கிற ஆட்களோடு பேசுவது. அதில் ஒரு பலனும் கிடையாது, பெண்டாட்டியின் திட்டைத் தவிர. இந்தப் பைத்தியத்தில் அவருடைய அக்கா கணவருக்கும் சம பங்கு. அத்தான் நில அளவை வேலை பார்த்தவர். இருவரும் ஒன்றாகப் படித்து ஒன்றாகப் பரீட்சை எழுதினார்கள். காயில்காரர் முதல் தடவையே தேறினார், அத்தான் கோட்டைவிட்டார். மறுபடி எழுதித் தேறும்வரை, "ஏன் அத்தான், ஊர்ல உள்ள நிலத்தையெல்லாம் அளக்கிறீங்க, இதை அளக்க முடியலையா?" என்று இவர் அவரை ஓட ஓட விரட்டினார். அக்கா இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். "கட்டிக்கிட்டதும் பைத்தியம், கூடப்பொறந்ததும் பைத்தியம். நான் எங்க போய் முட்டிக்கிறது?"

வேலையை இருவரும் பிரித்துக்கொண்டார்கள். செம்பும் ஈயப்பற்றும் காயில்காரருக்கு, காகிதமும் பென்சிலும் அத்தானுக்கு. விஷயம் இதுதான்: ரேடியோவிலிருந்து கேபிள் வழியாக மேலே போகிற சக்தியை ஆண்டெனா முழுக்க வாங்கிக்கொள்ளாது. ஒத்துவராத பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதைச் சரிக்கட்ட, அவர்கள் பாஷையில் மேட்ச் பண்ண, கேபிளில் ஓர் இடம் பார்த்து வெட்டி, அங்கே ஒரு துண்டுக் கேபிளை வால் மாதிரி தொங்கவிட வேண்டும். அதற்கு ஸ்டப் என்று பெயர். எந்த இடத்தில் வெட்டுவது, வால் எத்தனை நீளம் என்பதைச் சொல்ல ஸ்மித் சார்ட் என்று ஒரு தாள் இருக்கிறது. வட்டத்துக்குள் வட்டமாக, பார்த்தாலே தலை சுற்றும். நட்டநடுவில் ஒரு புள்ளி. அங்கே வந்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று, ஒரு பொட்டுச் சக்தியும் திரும்பி வராது. ஆண்டெனாவுக்கான புள்ளி தாளில் எங்கேயோ ஓரத்தில் நிற்கும். கேபிளில் ஒரு சாண் நகர்ந்தால் தாளில் வட்டமாகக் கொஞ்சம் சுற்ற வேண்டும். ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தொட்டதும் நிறுத்தி, அங்கே வாலைக் கட்டினால் அது நடுவுக்கு இழுத்து வந்துவிடும்.

காயில்காரருக்கு எல்லாம் புரியும், எந்தப் பக்கம் சுற்றுவது என்பதைத் தவிர. ரேடியோவை நோக்கிப் போனால் வலப்பக்கம், ஆண்டெனாவை நோக்கிப் போனால் இடப்பக்கம். இதை எத்தனை தடவை கேட்டாலும் மறந்துவிடுவார். அத்தானுக்கு இது போதும். "ஏன் மாப்பிள்ளை, மோட்டார்ல ரெண்டு வயர் இடம் மாறினா தலைகீழா சுத்தும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றே. இந்த வட்டத்தைக் கண்டா மட்டும் ஏன் முழிக்கிறே?" பரீட்சைக் கேலிக்கு அவர் தீர்த்துக்கொண்ட பழி அது.

இன்னொன்றிலும் அத்தான் விடாக்கண்டர். வெட்டி ஒட்டிய இடத்தில் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு டேப், அதற்கு மேல் பசை என்று கட்டாமல் மாடியை விட்டு இறங்க மாட்டார். "போதும் அத்தான், வெயில் மண்டையைப் பிளக்குது" என்றால், "தண்ணிக்கு ஊசிமுனை இடம் போதும்டா" என்பார்.

அத்தானுக்குத் தொலைவில் ஒரு ஊருக்கு மாற்றலானது. ரயிலில் ஓர் இரவுப் பயணம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரே அலைவரிசையில் இருவரும் சந்தித்துக்கொள்வார்கள். சிக்னல் எப்படி, மழை உண்டா, கடையில் வேலை எப்படி என்று பேச்சு போகும். நடுவில் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்கும்: "அவன் சாப்பிட்டானான்னு கேளுங்க!" அந்த ஒரு வரிக்காகவே காயில்காரர் வெறும் வயிற்றோடு ரேடியோ முன்னால் உட்காருவார். "இன்னும் இல்லன்னு சொல்லுங்க அத்தான்" என்பார். அங்கே வசவு விழுவது இங்கே கேட்கும்.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். உள்ளே ஏதோ கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. பல மாதம் வைத்தியம் நடந்திருக்கிறது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னாலிருந்து அந்தக் குரல்கூட வழக்கம்போலக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. காயில்காரர் அந்த ஊரில் போய் இறங்கியபோது உடம்புதான் இருந்தது. கூடத்தில் நாற்காலி போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, எல்லோர் முன்னாலும் அவர் அத்தானைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்கதான் என் அக்காவைக் கொன்னீங்க. என்கிட்ட மறைச்சு மறைச்சுக் கொன்னுட்டீங்க. இனிமே எனக்கு போன் பண்ணிடாதீங்க. உங்க முகத்துலயே இனி முழிக்க மாட்டேன்."

"சரி மாப்பிள்ளை" என்றார் அத்தான், அவ்வளவுதான். காயில்காரர் அன்று மாலையே ரயில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ரேடியோவின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். கொஞ்ச நாளில் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் மாடியில் கிடந்த ஆண்டெனாவை அறுத்துச் சுருட்டி ஓரத்தில் போட்டார்கள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது கண்டு பெண்டாட்டி பயந்துபோனாள்.

அவள்தான் ஒரு மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது விஷயத்தைச் சொன்னாள். அக்கா மகளோடு அவள் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். "உங்க அக்காதான் அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. 'அவன்கிட்ட சொன்னா கடையைப் போட்டுட்டு ஓடி வந்து என் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவான், அவன் பொழப்பு கெடும், கடைசி வரைக்கும் சொல்லாதீங்க'ன்னு. பொண்ணு எதிர்லயே வாங்கின சத்தியமாம். அந்த மனுஷன் என்ன பண்ணுவார், சொல்லுங்க?"

காயில்காரர் கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். அன்றைக்கு அதற்கப்புறம் ஒரு சுற்றும் சுற்றவில்லை.

சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரே கவலைதான். போனை எடுத்தார். முதல் மணி அடித்ததும் வைத்துவிட்டார். போனில் எடுத்த எடுப்பில் என்ன பேசுவது? 'கொன்னுட்டீங்கன்னு சொன்னேனே, அது தப்பு' என்றா ஆரம்பிப்பது? நேரில் போகலாம் என்றால் அந்தக் கூடத்துக்குள் எந்த முகத்தோடு நுழைவது? ரேடியோவில் அப்படியில்லை. முதலில் கால்சைன், அதாவது உரிமத்தோடு கிடைத்த அடையாள எண், சொல்ல வேண்டும், பிறகு உங்கள் சிக்னல் இப்படி, என் சிக்னல் எப்படி என்று கேட்க வேண்டும். அதெல்லாம் சடங்கு மாதிரி தானாக நடக்கும். அத்தான் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்றும் அவருக்குத் தெரியும். 'யார்டா உனக்கு மேட்ச் பண்ணிக் கொடுத்தது?' 'நானே சார்ட் போட்டேன் அத்தான்' என்று இவர் சொல்வார். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மற்றதையும் சொல்லிவிடலாம்.

வறட்டுக் கௌரவம்தான், வேறென்ன. போனில் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு அந்த மனிதர் மாடி ஏறினார்.

புதுக் கம்பியை இழுக்க இடம் போதவில்லை. தண்ணீர்த்தொட்டி மறித்தது, மடக்கிக் கட்டினார். மடக்கிய கம்பி கேபிளோடு ஒத்துப்போகவில்லை. அதே தெருவில் இருந்த பல் டாக்டர் ஒருவரும் ஹாம்தான். அவரிடம் அளவுக் கருவியை இரவல் வாங்கி ஆண்டெனாவை அளந்தார். அத்தான் விட்டுப்போயிருந்த சார்ட் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, சாப்பாட்டு மேசையில் விரித்து, காம்பஸும் அடிக்குச்சியுமாக உட்கார்ந்தார். பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். "என்ன, ஜாதகமா? எப்ப நல்ல காலமாம்?" என்றாள். "வாயை மூடு, சுத்து தப்பிடும்" என்றார்.

தப்பத்தான் செய்தது. வழக்கம்போல இடப்பக்கம் சுற்றிவிட்டார். வெட்டி, வாலைக் கட்டி, கீழே வந்து பார்த்தால், திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீட்டரின் ஊசி மூன்றைத் தாண்டி எகிறிக்கொண்டு நின்றது. தலையைப் பிய்த்துக்கொண்டார். பிறகு அத்தானின் மோட்டார்க் கேலி ஞாபகம் வர, "அட மடையா" என்று தன்னையே திட்டிக்கொண்டு, இன்னொரு தாளை எடுத்து வலப்பக்கம் சுற்றினார். கேபிளுக்குள் அலை கொஞ்சம் மெதுவாகப் போகும் என்று கணக்கில் வந்த நீளத்தைக் குறைத்து வெட்டினார். இந்தத் தடவை ஊசி ஒன்றரையில் வந்து நின்றது. மோசமில்லை. வாலை இன்னும் கொஞ்சம் நறுக்கினால் ஒன்றுக்கே வந்துவிடும். எப்படியும் மறுபடி பிரிக்கத்தானே போகிறோம் என்று, ஒட்டிய இடத்தில் கடையிலிருந்த சாதாரணக் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கடையில் தண்ணீர் புகுந்த மோட்டார்களாக வந்து குவிந்தன. மாடி ஏற நேரமில்லை. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணியை விலக்கி ரேடியோவைப் போட்டவர் மீட்டரைப் பார்த்து அசந்துபோனார். ஊசி ஒன்றில் படுத்திருந்தது. அவர் ஒன்றுமே செய்யவில்லை, தானாக வந்திருக்கிறது! அலைவரிசையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். எங்கே வைத்தாலும் ஒன்று. இரைச்சல்கூட அடங்கி, பெட்டி சாதுவாக இருந்தது.

"ஏய், இங்க வா, வந்து பாரு!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். "அத்தான் ஆயுசுல இப்படி ஒரு மேட்ச் போட்டதில்ல."

"அப்ப அவர்கிட்டயே சொல்லுங்க" என்றாள் அவள்.

கூப்பிட்டார். அத்தானின் கால்சைனைச் சொல்லி, தன்னுடையதைச் சொல்லி, கேட்கும் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். பல் டாக்டர்தான் நடுவில் வந்தார். "காதைப் பிளக்குது சார் உங்க சிக்னல்" என்றார். நாலு வீடு தள்ளி இருக்கிறவருக்குக் காதைப் பிளக்காமல் என்ன செய்யும்? அதை யோசிக்கவில்லை காயில்காரர். ஊசி ஒன்றில் இருக்கிறது, டாக்டர் நன்றாகக் கேட்கிறது என்கிறார். ஆகவே குறை இந்தப் பக்கம் இல்லை.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார், அதற்கடுத்த ஞாயிறும். ஒரு தடவை ஆழத்தில் யாரோ பேசுவது மாதிரி லேசாக ஒன்று கேட்டது. காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டார். வார்த்தை பிரியவில்லை. எந்த நாட்டுக்காரனோ என்று விட்டுவிட்டார்.

போகப் போக ஏக்கம் திரிந்து எரிச்சலாக மாறியது. "அவர் வேணும்னே வரல. நான் வெட்கத்தை விட்டுக் கூப்பிடுறேன், அவருக்கு ராங்கி. மனசுல வச்சிருக்கார்."

"போன்ல பேசித் தொலைங்களேன்" என்றாள் பெண்டாட்டி.

"நான் எத்தனை தடவை இறங்கிப் போறது? இனி அவர் வரட்டும்."

ஊசியைப் பார்ப்பார், ஒன்று. அதற்கு மேல் அவருக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

போன் வந்தது. அக்கா மகள் பேசினாள். அத்தானுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காயில்காரர் அன்று இரவே ரயில் ஏறினார்.

அதே கூடம், அதே நாற்காலிகள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அத்தானின் அறைக்குள் போனார். ரேடியோ தூசு தட்டிச் சுத்தமாக இருந்தது. முகப்பில் அவர்களுடைய பழைய அலைவரிசை. அக்கா மகள் கதவோரம் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை தவறாம உட்காருவார் மாமா. அம்மா போனதுலேருந்து ஒரு வாரம் விட்டதில்ல. உங்களைத்தான் கூப்பிடுவார்."

"பொய் சொல்லாதேம்மா. நானும்தான் கூப்பிட்டேன். மழைக்காலம் முழுக்கக் கூப்பிட்டேன்."

"நான் எதுக்கு மாமா பொய் சொல்லணும்? உங்க நம்பரைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. போன் பண்ணுங்களேன்ப்பான்னு நான் சண்டையே போட்டேன். 'போன் பண்ணாதேன்னு சொல்லிட்டான்ம்மா. ரேடியோவைச் சொல்லல'ன்னார்."

நான் அப்படித்தானே சொன்னேன், பாவி, என்று காயில்காரர் மனசுக்குள் ஓடியது. அத்தான் அந்தக் கேடுகெட்ட வார்த்தையைக்கூட மதித்து நடந்திருக்கிறார்.

ஊர் திரும்பியதும் சட்டைகூட மாற்றாமல் ரேடியோவின் பின்பக்கம் கையை விட்டுக் கேபிளின் திருகைக் கழற்றினார். கழற்றியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் மேசையில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னொரு சொட்டு.

மாடிக்கு ஓடினார். அந்தக் கறுப்பு டேப் வெயிலில் சுருங்கி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பிரித்தார். அவர் வெட்டி ஒட்டிய இடத்தில் மழை இறங்கி, கேபிளின் உள்வலை வழியாகவே நாலு மாடி நீளத்துக்கும் அது ஊறிப் போயிருந்தது. செம்பு கறுத்துப்போய், தொட்டால் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் புகுந்த மோட்டாரை முகர்ந்தே கண்டுபிடிக்கிற மனிதர். ஊறிய கேபிள் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? போகிற சக்தியையும் குடித்துவிடும், வருகிற குரலையும் குடித்துவிடும். திரும்பி வருவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. எதுவும் திரும்பாவிட்டால் மீட்டர் காட்டுவது ஒன்று. ஊசி ஒன்றரையிலேயே நின்றிருந்தால் மழை விட்டதும் மேலே வந்து இதைப் பிரித்திருப்பார். ஒன்றுக்கு வந்ததால்தான் தொடவே இல்லை.

மொட்டைமாடியில் அந்தக் கேபிளை மடியில் போட்டுக்கொண்டு, "அத்தான், அத்தான்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றும் புரியாமல் இறங்கிப் போய்விட்டாள். அத்தான் என்ன நினைத்துக்கொண்டு செத்திருப்பார்? இவ்வளவு கூப்பிட்டும் வராத கல்நெஞ்சன் என்றுதானே? அதுதான் அவரைத் தின்றது. மறு வாரம் முழுக்கப் பெண்டாட்டியிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிறகு எதற்கென்று தெரியாமலே புதுக் கேபிள் வாங்கி இழுத்தார். வாலை அதே இடத்தில் கட்டினார். ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே இன்னொரு டேப், மேலே பசை. வெயில் மண்டையைப் பிளந்தது. இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவைப் போட்டார். ஊசி ஒன்றரை. பெட்டியிலிருந்து இரைச்சலும் விசிலும் எங்கெங்கோ பேசுகிறவர்களின் குரலும் ஒரே கூட்டமாக அறைக்குள் வந்தன. இதெல்லாம் இத்தனை மாதமும் மேலே இருந்திருக்கிறது. மைக்கை எடுத்தார். பழக்க தோஷம், அத்தானின் கால்சைனைச் சொல்லி, பிறகு தன்னுடையதைச் சொன்னார். சொன்ன பிறகுதான் யாரைக் கூப்பிடுகிறோம் என்று உறைத்தது.

உடனே ஒரு குரல் பதில் கொடுத்தது. முன்பின் கேட்டிராத குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவது மாதிரி தெளிவாக இருந்தது.

"சார், சார், நீங்கதானா அது! கடைசியில வந்துட்டீங்களே! நான் பேக்கரி வச்சிருக்கேன் சார், விடியக்காலை வேலை முடிஞ்சதும் இப்படி உட்காருவேன். உங்க கால்சைனை வாரா வாரம் கேட்டுக் கேட்டு, எனக்கே நீங்க சொந்தக்காரர் மாதிரி ஆயிட்டீங்க. அந்த சர்வேயர் சார் உங்களைக் கூப்பிட்டு ஓய்ஞ்சதும் நான் குறுக்க போய்க் கேப்பேன், 'என்ன சார், உங்க மாப்பிள்ளைக்கு இன்னும் கோபம் தீரலையா?'ன்னு. சிரிப்பார் சார். 'கோபமா இருந்தா இந்நேரம் மைக்கைப் பிடிச்சுத் திட்டியிருப்பானே, அவன் வாய் சும்மா இருக்குமா? அங்க உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பான். ஜாயிண்டை ஒழுங்கா கட்டியிருக்க மாட்டான், கேபிள்ல தண்ணி இறங்கியிருக்கும்'பார். எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வார். ரெண்டு வாரமா அவரைக் காணோம், ஊருக்கு எங்கயாவது போயிருப்பார். வந்ததும் நீங்களே சொல்லுங்க சார், ரொம்ப சந்தோஷப்படுவார். நிஜமாவே தண்ணிதானா சார்? ஓவர்."

ஓவர் சொன்னால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். காயில்காரர் மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

"தண்ணிதான் சார்" என்றார்.

அதற்கு மேல் வாய் வரவில்லை. அழுத்திய பொத்தானை விடவும் தோன்றவில்லை. கேபிள் புதுசு, ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தது. அவர் அழுதது முழுக்க வெளியே போயிற்று.